தெரியும் என்ற எண்ணமும் உண்மையில் தெரிந்ததும்: வகுப்பறையில் மீயறிதலைக் கற்பிப்பது எப்படி?

மாணவர்கள் தங்கள் சிந்தனையைத் தாங்களே கவனித்து நெறிப்படுத்திக்கொள்ளும் திறனை, கல்வியியலில் மெட்டாகாக்னிஷன் அல்லது மீயறிதல் எனப்படுவதை, வகுப்பில் கற்பிக்க முடியுமா, அதற்கெனத் தனிப் பாடவேளை ஒதுக்க வேண்டுமா, எங்கிருந்து தொடங்குவது என்பதே கேள்வி. கற்பிக்க முடியும். தனிப் பாடவேளை தேவையில்லை. தனிப் பாடவேளையில் கற்பித்தால் அது பெரும்பாலும் அந்தப் பாடவேளையோடு முடிந்துவிடும். எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் என் பதில் வழக்கமான பதிலிலிருந்து சற்று விலகுகிறது. திட்டமிடு, கண்காணி, மதிப்பிடு என்ற மூன்று படிகளைச் சுவரில் எழுதி ஒட்டுவதைவிட, "இது எனக்குத் தெரியும்" என்று மாணவர் நினைப்பதற்கும் உண்மையில் அவருக்குத் தெரிந்திருப்பதற்கும் உள்ள இடைவெளியை அவரே தம் கண்ணால் பார்க்கும்படி செய்வதுதான் முதல் வேலை. அந்த இடைவெளியை அறியாத மாணவருக்கு எத்தனை உத்திகளைச் சொல்லிக் கொடுத்தாலும், அவற்றை எந்த நேரத்தில் எடுத்தாள வேண்டும் என்பது விளங்காது.

இந்தத் துறையின் ஆய்வுகளே இந்த இடைவெளியிலிருந்துதான் தொடங்கின. மெட்டாகாக்னிஷன் என்ற சொல்லை 1976 இல் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளாவெல். அதற்கு முன்பே, 1970 இல், அவரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்திருந்தார்கள். சிறுவர்களிடம் சில படங்களைக் காட்டி, அவை எல்லாவற்றின் பெயர்களையும் பார்க்காமல் சொல்ல முடியும் என்று உறுதியாகத் தோன்றும்வரை படிக்கலாம், தோன்றியதும் சொல்ல வேண்டும் என்றார்கள். தொடக்கப் பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகள் "தயார்" என்று சொன்னபோது பெரும்பாலும் உண்மையிலேயே தயாராக இருந்தார்கள். மழலைப் பள்ளிப் பிள்ளைகளும் அதே உறுதியோடு "தயார்" என்றார்கள். ஆனால் பல படங்களின் பெயர்கள் அவர்கள் நினைவுக்கு வரவில்லை. எலன் மார்க்மன் 1977 இல் வெளியிட்ட ஆய்வும் இதை ஒட்டியதே. ஒரு சீட்டு விளையாட்டின் விதிகளை, முக்கியமான ஒரு விவரத்தை விட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு விளக்கினார்கள். கீழ்வகுப்புப் பிள்ளைகள் பலர் எல்லாம் புரிந்துவிட்டதாகவே நினைத்தார்கள். விளையாடிப் பார்க்க முனைந்த பிறகுதான் ஏதோ விடுபட்டிருக்கிறது என்பதை உணர்ந்தார்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போது புரிந்ததுபோல் இருந்தது, செய்து பார்க்கும்போதுதான் புரியவில்லை என்று தெரிந்தது. ஆசிரியருக்கு இந்த ஆய்விலிருந்து கிடைக்கும் செய்தி மிகத் தெளிவானது.

இது சிறுபிள்ளைகளுக்கு மட்டும் உரிய குறை அன்று. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு குழுவினர் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு முறை படித்தார்கள். இன்னொரு குழுவினர் ஒருமுறை மட்டும் படித்துவிட்டு, மூன்று முறை அதை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலை தலைகீழாக மாறியது: நான்கு முறை படித்தவர்கள் சுமார் 40 சதவீதத்தையும், எழுதிப் பார்த்தவர்கள் சுமார் 61 சதவீதத்தையும் நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கூடுதல் நம்பிக்கையோடு சொன்னவர்கள் நான்கு முறை படித்தவர்கள்தான். ஒரு பக்கத்தை மூன்றாம் முறை படிக்கும்போது கண் தடையின்றி ஓடுகிறது. அந்தத் தடையின்மையையே மனம் 'தெரிந்துவிட்டது' என்று எடுத்துக்கொள்கிறது. கார்பிக்கி முதலியோர் 2009 இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், 177 கல்லூரி மாணவர்களில் ஏறத்தாழ 84 சதவீதம் பேர் தாங்கள் படிக்கும் முறைகளில் ஒன்றாகத் திரும்பப் படிப்பதைக் குறிப்பிட்டார்கள். நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பதைக் குறிப்பிட்டவர்கள் 11 சதவீதம் பேர் மட்டுமே. இவர்கள் பல ஆண்டுகள் படித்துத் தேர்வுகளைக் கடந்து வந்தவர்கள். பள்ளி தானாகவே இந்தத் திறனை வளர்த்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகவே வகுப்பில் முதலில் மாற்ற வேண்டியது, பாடம் முடிந்ததும் நாம் எல்லோரும் கேட்கும் "புரிந்ததா?" என்ற கேள்வியை. அந்த நேரத்தில் விளக்கம் இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது, கரும்பலகையில் விடை இருக்கிறது. "புரிந்தது" என்று மாணவர் சொல்வது பொய்யன்று, ஆனால் அதை நம்பி நாம் எதையும் முடிவு செய்ய இயலாது. தாமஸ் நெல்சனும் ஜான் டன்லாஸ்கியும் 1991 இல் காட்டிய ஒரு முடிவு இங்கே பெரிதும் உதவும். ஒன்றைப் படித்த உடனேயே "இது பின்னர் நினைவிருக்குமா?" என்று மதிப்பிடச் சொன்னால், அந்த மதிப்பீடு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. சற்று நேரம் விட்டு, விடையை மறைத்து, கேள்வியை மட்டும் காட்டி மதிப்பிடச் சொன்னால், வியக்கத்தக்க அளவுக்குத் துல்லியமாகிறது. எனவே "புரிந்ததா?" என்பதை மறுநாள் வகுப்பின் தொடக்கத்துக்குத் தள்ளுங்கள். புத்தகமும் குறிப்பேடும் மூடியிருக்க, நேற்றைய பாடத்திலிருந்து நான்கு கேள்விகளைப் பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் "என்னால் விடை எழுத முடியும்" அல்லது "முடியாது" என்று முதலில் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு நான்குக்கும் விடை எழுதச் சொல்லுங்கள். முடியும் என்று குறித்து எழுத முடியாமல் போன இடம் எது என்று மாணவர் தம் தாளிலேயே காண்பார். ஐந்து அல்லது ஆறு நிமிடங்களுக்கு மேல் ஆகாது. பாடப்பொருளிலிருந்து ஒரு அடிகூட விலக வேண்டியதும் இல்லை.

இதையே இன்னும் கூர்மையாகச் செய்யும் முறை, விடையோடு உறுதியின் அளவையும் எழுதச் சொல்வது. 1 என்றால் ஊகம், 2 என்றால் ஓரளவு உறுதி, 3 என்றால் முழு உறுதி. "கோடைக்காலம் ஏன் வருகிறது?" என்று அறிவியல் வகுப்பில் கேளுங்கள். "அப்போது பூமி சூரியனுக்கு அருகில் இருப்பதால்" என்று எழுதி, பக்கத்தில் 3 என்றும் எழுதிய தாள்கள் எந்த வகுப்பிலும் கணிசமாக இருக்கும். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது சனவரி மாதத்தின் முதல் வாரத்தில், அதாவது வட அரைக்கோளத்தில் குளிர்காலமாக இருக்கும்போது, என்ற செய்தியை அடுத்துச் சொல்லுங்கள். வகுப்பு நிமிர்ந்து உட்காரும். பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சு சுமார் 23.5 பாகை சாய்ந்திருப்பது என்ற விளக்கம் அந்த நேரத்தில் காதில் விழுவதுபோல் வேறு எந்த நேரத்திலும் விழாது. இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு: பிராடி பட்டர்ஃபீல்டும் ஜேனட் மெட்கால்ஃபும் 2001 இல், தயக்கத்தோடு சொன்ன தவறுகளைவிட முழு உறுதியோடு சொன்ன தவறுகளே, சரியான விடை காட்டப்பட்டபின் நன்றாகத் திருத்தப்படுகின்றன என்று கண்டார்கள். ஆனால் உறுதியை எழுதி வைத்தால்தான் அந்த அதிர்ச்சி நிகழும். எழுதி வைக்காத மாணவர், "நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்று தம்மையே சமாதானப்படுத்திக்கொண்டு கடந்துவிடுவார். ஊகம் என்று குறித்துச் சரியாக எழுதியவர்களையும் கவனிக்க வேண்டும். தமக்குத் தெரிந்ததை நம்பாமல் தவிக்கும் மாணவர்கள் அவர்கள். அவர்களுக்குத் தேவை இன்னொரு விளக்கம் அன்று, தம் காரணத்தைத் தாமே சொல்லிப் பார்க்கும் வாய்ப்பு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உறுதியின் அளவுக்கு ஒருபோதும் மதிப்பெண் கொடுக்கக் கூடாது. 3 என்று எழுதித் தவறியவரைப் பெயர் சொல்லிக் காட்டவும் கூடாது. "தெரியவில்லை" என்று சொன்னதற்காக ஒருமுறை அவமானப்பட்ட மாணவர் அதன்பின் உண்மையான எண்ணை எழுத மாட்டார். எது ஆசிரியருக்குப் பிடிக்குமோ அதை எழுதுவார். அப்படி எழுதப்பட்ட தாள்களை எத்தனை அடுக்கினாலும் அவற்றால் யாருக்கும் பயனில்லை. மீயறிதலைப் பற்றிய கையேடுகள் பலவும் உத்திகளைப் பட்டியலிடுவதற்கு முன் இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தெரியாமையை ஒப்புக்கொள்வதால் எந்த இழப்பும் நேராத வகுப்பில்தான் மாணவர் தம் அறிவை நேர்மையாக அளந்து பார்ப்பார்.

அடுத்தது, ஆசிரியர் தம் சிந்தனையை வாய்விட்டுச் சொல்லிக் காட்டுவது. இதை எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் நடைமுறையில் அது பெரும்பாலும் படிகளை விளக்குவதாகவே முடிந்துவிடுகிறது. விளக்கத்தில் ஆசிரியர் தடுமாறுவதில்லை. வாய்விட்டுச் சிந்திக்கும்போது தவறான பாதை கண்ணில் படுவதும், அதில் காலெடுத்து வைக்கத் தோன்றுவதும், எதனால் விலகினோம் என்பதும் மாணவருக்குக் கேட்க வேண்டும். ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்: ஓர் எண்ணின் மூன்றில் ஒரு பங்குடன் 8 ஐக் கூட்டினால், அந்த எண்ணின் பாதி கிடைக்கிறது, அந்த எண் யாது? ஆசிரியர் சுண்ணக்கட்டியைக் கையில் எடுப்பதற்கு முன் பேசத் தொடங்குகிறார்.

"மூன்றில் ஒரு பங்கு, எட்டு, கூட்டல் என்று படித்தவுடன் எண்ணையும் எட்டையும் கூட்டி மூன்றால் வகுக்கலாம் என்று கை பரபரக்கிறது. நில், கேள்வி அப்படியா சொல்கிறது? இன்னொரு முறை படிக்கிறேன். 'மூன்றில் ஒரு பங்குடன் 8.' பங்கு எடுத்த பிறகுதான் 8 வருகிறது. சரி. சமன்பாடு எழுதுவதற்கு முன், விடை எந்த அளவில் இருக்கும்? எந்த எண்ணுக்கும் பாதி மூன்றில் ஒரு பங்கைவிடப் பெரியது. இங்கே அந்த வேறுபாடு 8. பாதியிலிருந்து மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் ஆறில் ஒரு பங்கு. அப்படியானால் ஆறில் ஒரு பங்குதான் 8. எண் 48 ஆக இருக்க வேண்டும். நம்பலாமா? 48 இல் மூன்றில் ஒரு பங்கு 16. அதனுடன் 8 சேர்த்தால் 24. 48 இன் பாதி 24. பொருந்துகிறது. முதலில் தோன்றிய வழியில் போயிருந்தால் என்ன வந்திருக்கும்? எண்ணுடன் எட்டைக் கூட்டி மூன்றால் வகுத்ததைப் பாதிக்குச் சமமாக வைத்தால் 16 வந்திருக்கும். 16 இன் பாதி 8. மூன்றில் ஒரு பங்குடன் 8 ஐக் கூட்டினால் 8 க்கு மேல்தானே வர வேண்டும்? பொருந்தவில்லை. சரிபார்த்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும்."

இதைக் கேட்கும் மாணவருக்கு, கணக்கில் வல்லவர்களுக்கும் தவறான வழி முதலில் தோன்றும் என்பதும், தோன்றியதை உடனே பின்பற்றாமல் நிறுத்திக் கேட்பதே அவர்களுடைய வலிமை என்பதும் தெரிகிறது. அமெரிக்கக் கணிதக் கல்வியாளர் ஆலன் ஷோன்ஃபெல்ட் கல்லூரி மாணவர்களும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் கணக்குகளுக்குத் தீர்வு காண முயல்வதை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, பாதிக்கும் மேற்பட்ட முயற்சிகளில் மாணவர்கள் கேள்வியைப் படித்ததும் ஏதோ ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு, அது பயன் தருகிறதா என்று ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் நேரம் முடியும்வரை அதிலேயே ஓடியதைக் கண்டார். கணிதம் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததைப் பயன்படுத்தும் வாய்ப்பையே அவர்கள் தங்களுக்குத் தரவில்லை. அவர் தம் வகுப்பில் செய்தது எளிமையானது. குழுக்களாக மாணவர்கள் வேலை செய்யும்போது சுற்றி வந்து மூன்று கேள்விகளைக் கேட்பார்: இப்போது சரியாக என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? ஏன் இதைச் செய்கிறீர்கள்? இதில் கிடைப்பதை வைத்து அடுத்து என்ன செய்வீர்கள்? தொடக்கத்தில் விடை சொல்ல முடியாமல் மாணவர்கள் திணறுவார்கள். கேள்வி வரும் என்று தெரிந்ததால் போகப்போக அவர்களே முன்கூட்டி அதைப் பேசிக்கொள்ளத் தொடங்கினார்கள். இந்த இடத்தில் ஆசிரியர் பின்வாங்கத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் ஆசிரியர் கேட்பது, பிறகு பக்கத்தில் இருப்பவர் கேட்பது, பிறகு மாணவர் தமக்குள் கேட்டுக்கொள்வது என்று கேள்வி இடம் மாறிக்கொண்டே போக வேண்டும். ஆண்டு முழுவதும் ஆசிரியரே கேட்டுக்கொண்டிருந்தால் கண்காணிக்கும் வேலை ஆசிரியருடையதாகவே நின்றுவிடும்.

மொழிப் பாடத்திலும் சமூக அறிவியலிலும் படித்துப் புரிந்துகொள்வதற்கு, ஆன்மேரி பாலிங்சரும் ஆன் பிரவுனும் 1984 இல் விவரித்த முறை இன்றும் நிற்கிறது. ஒரு சிறு குழு ஒரு பத்தியைப் படிக்கிறது; ஒரு மாணவர் ஆசிரியர் இடத்தில் இருந்து, பத்தியைச் சுருக்கிச் சொல்கிறார், அதிலிருந்து ஒரு கேள்வி கேட்கிறார், விளங்காத இடத்தைத் தெளிவுபடுத்துகிறார், அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கிறார். அடுத்த பத்திக்கு இன்னொருவர் அந்த இடத்துக்கு வருகிறார். இந்த நான்கில், கண்காணிப்புக்கு உயிர் கொடுப்பது சுருக்கிச் சொல்வதுதான் என்று நினைக்கிறேன். ஒரு பத்தியைச் சுருக்க முடியாதபோது அது புரியவில்லை என்பது வேறு யாரும் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது.

தேர்வுத் தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாள் பெரும்பாலும் வீணாகும் நாள். மாணவர் எண்ணைப் பார்க்கிறார், பக்கத்தில் இருப்பவரின் எண்ணைப் பார்க்கிறார், தாள் பைக்குள் போகிறது. ரூத் பட்லர் 1988 இல் வெளியிட்ட ஆய்வில், கருத்துரை மட்டும் பெற்ற மாணவர்களின் ஆர்வமும் அடுத்தடுத்த செயல்பாடும் உயர்ந்தன. கருத்துரையோடு மதிப்பெண்ணும் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களிடம் அந்தப் பயன் காணப்படவில்லை. மதிப்பெண்ணையே விட்டுவிடுவது பல பள்ளிகளில் இயலாது. ஆனால் வரிசையை மாற்றலாம். முதல் நாள் திருத்திய தாளை எண் இல்லாமல் கொடுத்து, ஒவ்வொரு இழப்பும் எதனால் நேர்ந்தது என்று மாணவரையே குறிக்கச் சொல்லலாம்: படிக்கவே இல்லை, படித்தும் நினைவுக்கு வரவில்லை, கேள்வியைத் தவறாகப் படித்தேன், வழி சரி ஆனால் கவனக்குறைவு. எண்ணை மறுநாள் சொல்லலாம். இந்த வேறுபாடு முக்கியம், ஏனெனில் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எல்லா இழப்புக்கும் "இன்னும் நன்றாகப் படிப்பேன்" என்று எழுதும் மாணவர் அடுத்த முறையும் அதே பக்கங்களை அதே முறையில் திரும்பப் படிப்பார். "அடுத்த தேர்வுக்கு எதை மாற்றுவேன்" என்று அவர் எழுதிய ஒற்றை வரியை ஆசிரியர் வாங்கி வைத்திருந்து, அடுத்த தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு அவர் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால் முன்னே செய்ததெல்லாம் சடங்காகிவிடும்.

சடங்காகும் ஆபத்து இந்தத் துறை முழுவதிலும் உண்டு. கற்றல் நாட்குறிப்பு எழுதச் சொன்னால், சில வாரங்களில் "இன்று நன்றாகக் கற்றேன், கவனமாக இருந்தேன்" என்ற ஒரே வாக்கியம் எல்லாக் குறிப்பேடுகளிலும் காணப்படும். சிந்தனைத் திறன் என்ற தனி வகுப்பில் கற்ற உத்தி கணித வகுப்புக்கு வருவதில்லை, ஏனெனில் கண்காணிப்பதற்கு அந்தப் பாடத்தின் அறிவு வேண்டும். 16 என்ற விடை பொருந்தாது என்று உணர, பின்னங்களைப் பற்றி ஏதோ தெரிந்திருக்க வேண்டும். பாடப்பொருளோடு இணைத்துக் கற்பிப்பது, எதற்காகச் செய்கிறோம் என்பதை மாணவருக்குச் சொல்வது, நீண்ட காலம் தொடர்வது ஆகிய மூன்றையும் மார்செல் வீன்மனும் பிறரும் 2006 ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பில் அடிப்படைகளாக முன்வைத்தது இதனால்தான். இங்கிலாந்தின் எஜுகேஷன் எண்டோமெண்ட் ஃபவுண்டேஷன் வெளியிடும் தொகுப்பு, இத்தகைய கற்பித்தலின் சராசரிப் பயனை ஓராண்டில் ஏழெட்டு மாதக் கூடுதல் கற்றலுக்கு ஈடாக மதிப்பிடுகிறது. அது பல ஆய்வுகளின் சராசரி. சுவரொட்டி ஒட்டியதால் கிடைக்கும் எண் அன்று. முற்றிலும் புதிய பாடத்தில் தட்டுத்தடுமாறிக்கொண்டிருக்கும் மாணவரை நடுவில் நிறுத்தி "இப்போது எப்படிச் சிந்திக்கிறாய்?" என்று கேட்பதும் நல்லதன்று. அந்த நேரத்தில் அவருக்குத் தேவை தெளிவான விளக்கமும் செய்து காட்டிய எடுத்துக்காட்டும். கண்காணிக்கும் கேள்விகள் கை சற்றுப் பழகிய பிறகு வரலாம்.

வயதைப் பற்றிய ஐயத்துக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிறு வகுப்புப் பிள்ளைகள் தங்களை மிகையாகவே மதிப்பிடுவார்கள். அதைக் கடிந்து திருத்த வேண்டியதில்லை, மீண்டும் மீண்டும் முயல அந்த மிகை நம்பிக்கையே அவர்களுக்குத் துணை. அவர்களிடம் எண் அளவு எழுதச் சொல்வதைவிட, "எத்தனை சொல்ல முடியும் என்று நினைக்கிறாய்? சொல்லிப் பார்க்கலாமா?" என்று விளையாட்டாகக் கேட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது போதும்.

பயன் கிடைக்கிறதா என்பதை எப்படி அறிவது? ஒவ்வொரு சிறு தேர்வுக்கும் முன் மாணவர் எதிர்பார்க்கும் மதிப்பெண்ணையும், பின் பெற்றதையும் ஒரே தாளில் தொடர்ந்து எழுதி வரச் செய்யலாம். ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. சில முறை ஏமாந்த மாணவர்கள், எதிர்பார்ப்பைப் பொதுவாகக் குறைத்து எழுதி இடைவெளியைச் சுருக்கிவிடுவார்கள். பார்க்க முன்னேற்றம்போல் இருக்கும், ஆனால் தமக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை அவர்கள் முன்பைவிடக் கூடுதலாக அறிந்திருக்க மாட்டார்கள். ஆகவே மொத்த எண்ணைவிட, எந்தெந்தக் கேள்வியில் தவறக்கூடும் என்று விடைத்தாளைக் கொடுக்கும் முன் அவர்கள் குறித்ததையும், உண்மையில் தவறிய கேள்விகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பத்துக் கேள்விகளில் மூன்றைக் குறித்து, அந்த மூன்றிலேயே இரண்டில் தவறிய மாணவர், 9 எதிர்பார்த்து 9 வாங்கி, தவறிய ஒன்று எது என்று சொல்லத் தெரியாத மாணவரைவிட இந்தத் திறனில் முன்னே இருக்கிறார். அவரை மறுநாள் அந்த இரண்டு கேள்விகளோடு உட்கார வைத்தால், எங்கிருந்து படிக்க வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது.